கோடைச் சமையல் பக்கம் எங்கள் வளவையும் பார்த்து எழுதப்படட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் வார இதழில் சில கிழமைகளாக வெளிவரும் கோடைக்காலச் சமையல் பக்கத்தைத் தவறாமல் வாசித்து வருகிறேன். படங்கள் அழகாக உள்ளன. எழுத்தும் தெளிவாக உள்ளது. ஆயினும் அக்குறிப்புகளில் கேட்கப்படும் ஸ்ரோபெரியும் பட்டரும் கட்டிக் கிறீமும், 180 பாகைக்கு முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டிய மின்சார அவணும், முள்ளியவளையிலோ மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ எத்தனை குசினிகளில் இருக்கும் என்று எழுதுபவர் ஒருமுறையாவது எண்ணிப் பார்த்திருப்பாரா என்ற ஐயம் எனக்கு எழுகிறது. வன்னியில் தங்களுக்கு வாசகர்கள் நிறையவே உண்டு. அவர்களுடைய வளவுகளில் வைகாசி தொடங்கி ஆவணி வரை எது காய்க்கிறது, எது பழுக்கிறது, எது மிஞ்சி அழுகிப் போகிறது என்பதைப் பார்த்து அந்தப் பக்கம் எழுதப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

எங்கள் மழை ஐப்பசியில் தொடங்கித் தையோடு ஏறக்குறைய முடிந்துவிடும். வற்றாப்பளைப் பொங்கல் நடக்கும் வைகாசியில் சோளகம் வீசத் தொடங்கினால், இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழுள்ள சிறுபோக வயல்களைத் தவிர மற்ற நிலமெல்லாம் வெளிறிப் போகும். கிணறு இறங்கும், பாத்தியில் போட்ட முளைக்கீரைக்கு இருவேளை தண்ணீர் வார்த்தாலும் போதாது. ஆனால் இந்தக் காய்ச்சலிலும் வளவு வெறுமையாவதில்லை. ஆழ வேரோடிய மாவும் பலாவும் முருங்கையும் பனையும் இக்காலத்தில்தான் அள்ளிக் கொடுக்கின்றன. குசினிக் கழிவுநீர் ஓடும் பக்கத்தில் வாழை குலை தள்ளி நிற்கும். வேலியில் பயற்றங்கொடியும் பாகலும் படர்ந்திருக்கும். கத்தரியும் வெண்டியும் பச்சை மிளகாயும் கொஞ்சத் தண்ணீரோடு சமாளித்துக் காய்க்கும். 2009 இன் பின் மீள்குடியேறி வந்தவர்கள் வெட்டவெளியாய்க் கிடந்த காணிகளில் நட்ட ஒட்டுமாங்கன்றுகள் இன்று பெருமரங்களாகி, கறுத்தக்கொழும்பானும் விலாட்டும் அம்பலவியும் ஒரே மாதத்தில் பழுத்துக் கொட்டுகின்றன. குரங்குகள் விட்டுவைத்தால் என்று சொல்ல வேண்டும். அது வேறொரு கடிதத்துக்குரிய பொருள்.

இவையெல்லாம் ஒரேயடியாக வருவதுதான் சிக்கல். பலாப்பழம் வெட்டினால் அயலுக்கெல்லாம் கொடுத்தும் மிஞ்சும். மாம்பழம் விழுந்து வண்டு துளைக்கும். அதே நேரத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் வண்டியை ஒழுங்கை முகப்பில் மறித்து, பணிசும் மாலுபாணும் வாங்கிப் பிள்ளைகளுக்குப் பின்னேரத் தேநீரோடு கொடுக்கிறோம். மரத்தின் கீழ் பழம் அழுகிக் கிடக்க, இறக்குமதிக் கோதுமையில் செய்த பாணுக்குக் காசு கொடுக்கும் இந்தப் பழக்கம் இடையில் வந்தது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஆலையில் அரைபடும் தானியம் முழுவதும் கப்பலில் வருவது. இடப்பெயர்வுக் காலத்திலும் மீள்குடியேற்றத்தின் பின்னரும் நிவாரணப் பொதியில் அரிசியோடும் பருப்போடும் கோதுமை மாவும் கிடைத்தபோது, உரலும் அரிசி மாவும் இல்லாத தறப்பாள் கொட்டில்களில் ரொட்டி தட்டுவதே இயலக்கூடியதாக இருந்தது. அதில் யாரையும் குறைசொல்ல இடமில்லை. நிவாரணம் நின்ற பின்னரும் நாக்கும் கையும் அந்த மாவிலேயே நின்றுவிட்டன என்பதுதான் என் கவலை. 2022 இல் கோதுமை மாவின் விலை ஏறி எரிவாயுவும் கிடைக்காமற்போன மாதங்களில் அதன் விளைவை எல்லோரும் கண்டோம்.

அதே ஆண்டு ஆனி மாதத்தில், வீட்டுத் தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கலாம் என அமைச்சரவை முடிவெடுத்ததையும், பத்திரிகைகள் எல்லாம் வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியதையும் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எப்படி நடுவது, எப்படிப் பசளை போடுவது என்று எழுதியவர்கள், காய்த்ததை எப்படிச் சமைத்து முடிப்பது என்று எழுதவில்லை. தோட்டம் தொடர்வதற்கும் கைவிடப்படுவதற்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் குசினிதான் என்பது மனைப்பொருளியல் படிப்பித்த என்னுடைய கணிப்பு. மூன்றாம் நாளும் அதே பூசணிக் கறி என்றால் நான்காம் நாள் யாரும் பூசணிக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

வெதுப்புவதற்கு அவண் வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடலாம். மேலும் கீழும் சூடு கொடுப்பது எங்கள் பெண்களுக்குப் புதிய வித்தையன்று. அப்பச்சட்டியின் மூடியில் தணல் போட்டு அப்பம் சுட்டவர்கள் அதைத்தான் செய்தார்கள். அடிகனத்த பழைய சருவச்சட்டி ஒன்றில் காய்ந்த ஆற்று மணலை இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, அதன் நடுவில் மூன்று ஓட்டுத் துண்டுகளை வைத்து, தகர மூடியால் மூடி, கால் மணித்தியாலம் அடுப்பில் சூடேற்ற வேண்டும். பிறகு அடுப்பை இழுத்துக் குறைத்துவிட்டு, கலவை ஊற்றிய தட்டை ஓட்டுத் துண்டுகளின் மேல் வைத்து மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்ப வேண்டும். அடியில் ஒரு பங்கு நெருப்பென்றால் மேலே இரண்டு பங்கு இருக்கட்டும். அடியில் கூடினால் மணலின் சூடு தட்டின் அடியைக் கருக்கிவிடும், மேற்பக்கமோ வெளிறிப்போய் நிற்கும். தணலில் சாம்பல் பூத்தால் தட்டிவிட்டுப் புதுத் தணல் போட வேண்டும். தட்டில் ஒட்டாமலிருக்கக் கடைக் கடதாசி தேவையில்லை. நெருப்பில் வாட்டிய வாழையிலையை விரித்து எண்ணெய் தடவினால் மணமும் சேரும். வெந்ததா என்று பார்க்க ஓர் ஈர்க்குப் போதும்.

இந்தச் சட்டியில் செய்வதற்கு மரவள்ளிக் கேக்கைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பேன், ஏனெனில் அதற்குக் கோதுமை மா ஒரு கரண்டியும் வேண்டியதில்லை. துருவிப் பிழிந்த மரவள்ளி 500 கிராம், தேங்காயின் கட்டிப்பால் 250 மில்லிலீற்றர், சீனி 200 கிராம், முட்டை இரண்டு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. சீனிக்குப் பதிலாகத் தூளாக்கிய பனங்கட்டி போட்டால் நிறம் கறுக்கும், சுவை கூடும். எல்லாவற்றையும் கலந்து இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேற்படாமல் ஊற்றி, முக்கால் மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் வரை வைத்தால் மேற்பக்கம் பொன்னிறமாகி ஓரங்கள் தட்டை விட்டு விலகும். சூட்டோடு வெட்டினால் பசையாக இழுபடும். நன்றாக ஆறிய பின்னரே கத்தி வைக்க வேண்டும்.

மரவள்ளியைப் பற்றி எழுதும்போது பாதுகாப்பையும் எழுதத்தான் வேண்டும். தங்கள் பக்கத்தில் எப்போதாவது வந்த கிழங்குக் குறிப்புகளில் அது விடுபட்டிருந்தது. இக்கிழங்கில் இயல்பாகவே உள்ள லினமரின் என்னும் பொருள், கிழங்கு வெட்டுப்பட்டு நசியும்போது சிதைந்து ஐதரசன் சயனைட்டை வெளிவிடும். அதனால்தான் எங்கள் வீடுகளில் கிழங்கைத் தடித்த தோல் முழுவதும் போக உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். கேக்குக்குத் துருவும்போது, துருவியதைச் சிறிது நேரம் விரித்து வைத்துப் பின் துணியில் இறுகப் பிழிந்து, சாற்றை ஊற்றிவிட வேண்டும். கசக்கும் கிழங்கையும் உள்ளே நீலக்கறுப்புக் கோடு விழுந்த கிழங்கையும் இதற்கு எடுக்கவே கூடாது. கிண்டிய அன்றே சமைப்பது நல்லது. காட்டுப்பன்றி கிண்டிவிட்டுப் போன கிழங்கைச் சேதமென்று பார்க்காமல் எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். கடிபட்டு வெயிலில் கிடந்ததை மாட்டுக்கும் கொடுக்க வேண்டாம்.

பூசணி மற்றொன்று. விளைச்சல் கூடிய ஆண்டில் வியாபாரி லொறியோடு வராவிட்டால் வரம்பில் குவிந்து கிடக்கும்; விற்ற விலை ஏற்றுக்கூலிக்கும் காணாது. முற்றிய பூசணியைக் காம்போடு வெட்டி, நிலத்தில் முட்டாமல் பரணில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் இருக்கும். அதைப் பால்கறி ஒன்றாக மட்டும் பார்க்காமல், அவித்து மசித்து அரிசி மாவோடு குழைத்துப் பிட்டாகவும் அவிக்கலாம். பூசணியிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீர் தெளிப்பதைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீத்துப்பெட்டியில் கட்டிபட்டுப் போகும். தேங்காய்ப்பூவைத் தாராளமாகச் சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று. பூசணிக்கு நிறம் கொடுக்கும் கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொழுப்புத் தேவை. முருங்கையிலைக்கும் இது பொருந்தும். முருங்கையிலையையோ முளைக்கீரையையோ பொடியாக அரிந்து மாவோடு சேர்த்து அவிக்கும் கீரைப் பிட்டு, காலையில் பாணுக்கு அடம்பிடிக்கும் பிள்ளைக்கும் இறங்கும்.

அன்றாடச் சமையலில் எங்களுக்கு வேண்டிய அறிவு ஒன்று பெரும்பாலான குறிப்புகளில் இல்லை. எல்லா வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது என்ற நினைப்பில் அவை எழுதப்படுகின்றன. கோடை வெக்கையில் காலையில் வைத்த தேங்காய்ப்பால் கறி பொழுதுபடமுன் புளித்துவிடும். பழப்புளி விட்டு, எண்ணெயில் நன்றாக வதக்கி வற்றவைத்த குழம்பு மறுநாள் காலை பழஞ்சோற்றுக்கும் நிற்கும். ஆகவே எது அன்றே முடிக்க வேண்டியது, எது நிற்கக்கூடியது என்று ஒவ்வொரு குறிப்பின் கீழும் ஒரு வரி இருந்தால் பெரும் உதவி. உதாரணத்துக்குக் கத்தரிக்காயும் பலாக்கொட்டையும் சேர்ந்த குழம்பைச் சொல்லலாம். பலாக்கொட்டையின் வெள்ளைக் கோதை உடைத்துக் கழற்றி, உள்ளிருக்கும் மண்ணிறத் தோலைச் சுரண்டி, இரண்டாகப் பிளந்து முதலில் தனியே அவிக்க வேண்டும். வேகாத கொட்டையோடு கத்தரியைப் போட்டால் கத்தரி கரைந்துபோகும், கொட்டை கடிபடாது. கத்தரியை எண்ணெயில் வதக்கி, வெங்காயம், வெந்தயம், கறித்தூள், பழப்புளி சேர்த்துக் கொட்டையையும் போட்டு வற்றவிட்டால் பால் விடாமலே குழம்பு தடிக்கும், கொட்டையின் மாப்பொருள் அதற்குப் போதும். மிஞ்சிய கொட்டைகளைக் கழுவி உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைத்தால் பலாப்பழக் காலம் முடிந்த பின்னரும் எடுக்கலாம். இதைத் தெரியாதவர்களா என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். முகாமிலும் கொட்டிலிலும் வளர்ந்து இன்று குடும்பம் நடத்தும் பெண்களில் பலருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அருகில் ஒரு கிழவி இருக்கவில்லை.

உலர்த்தி வைப்பதைப் பற்றியும் எழுதுங்கள். சோளகத்தைச் சபிக்காத பெண் வன்னியில் இல்லை. முற்றம் கூட்டிய கையோடு மறுபடி சருகு. ஆனால் வற்றலுக்கு வெயிலைவிட இந்த வறண்ட காற்றே கூடுதலாக உதவுகிறது, ஈரத்தை அதுதான் வாங்கிக்கொண்டு போகிறது. மிளகாயை நுனியில் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊறவிட்டு, பகலில் எடுத்துப் பாயில் காயவிட்டு, பொழுதுபட மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் உறிஞ்சப்படும் வரை இப்படியே செய்தால் மோர்மிளகாய். எருமைத் தயிர் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் மோருக்குப் பஞ்சமில்லை. பாகலையும் கத்தரியையும் வட்டமாக அரிந்து உப்புத் தண்ணீரில் ஒரு கொதி காட்டி வற்றலாக்கலாம். வாழைப்பூவை உழுந்து மாவோடு குழைத்து வடகமாக்கலாம். காற்று புழுதியையும் அள்ளி வரும் என்பதால், மெல்லிய பழைய பருத்திச் சேலையை நான்கு மூலையிலும் கல் வைத்து மேலே விரிக்க வேண்டும், துணி பண்டத்தில் முட்டாமல். பேணியில் அடைக்குமுன் ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். முறியாமல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

காட்டுப் பழங்களைப் பற்றி நகரத்து வாசகர்களும் விரும்பி வாசிப்பார்கள். கோடையில் மாங்குளம் பக்கம் தெருவோரத்தில் விற்கும் பாலைப்பழத்தை வாங்கியவர்கள் அதன் பால் உதட்டில் ஒட்டுவதோடு விஷயம் முடிந்ததென்று நினைக்கிறார்கள். அதைக் காய்ச்சிப் பாணியாக்கிப் போத்தலில் வைத்த வீடுகள் இங்கே இருந்தன.

ஆடிப்பிறப்பு நெருங்கும்போது கூழும் கொழுக்கட்டையும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிடும். அதற்கு அடுத்து வருவதைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஆடி நடுப்பகுதியிலிருந்து புரட்டாதி வரை பூநகரியிலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் பனம்பழம் இரவிலும் பகலிலும் விழும். பாதி மாடு சூப்பும், பாதி அப்படியே கிடக்கும். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்த காலந்தொட்டுப் பனம் பொருட்களைச் சந்தைக்குக் கொண்டுவரும் முயற்சி நடக்கிறது, அது நல்லது. என்றாலும் பனங்காய்ப் பணியாரம் கடையில் வாங்கும் பண்டமாக மாறிவிடக்கூடாது. பழத்தைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, சிறிது தண்ணீர் தெளித்துப் பிசைந்து, துணியில் வடித்த களியைச் சீனியோடு அடுப்பில் வைத்துப் பச்சை மணம் போகக் காய்ச்ச வேண்டும். அவசரக்காரர் இந்தக் காய்ச்சலை விட்டுவிடுவார்கள். பணியாரம் தொண்டையில் காறுவது அதனால்தான். களியின் கசப்பு பிளாபெலிபெரின் என்னும் சேர்வைகளால் வருவது, அதன் அளவு எல்லாப் பழத்திலும் ஒன்றல்ல. எனவே பச்சைக் களியை நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, மிகவும் கசக்கும் பழத்தை ஒதுக்கிவிடுவது நல்லது. ஆறிய களியில் வறுத்த அரிசி மாவும் கோதுமை மாவும் பாதிக்குப் பாதி கலந்து, உருட்ட வராத, ஆனால் விரலால் கிள்ளிப் போட வரும் பதத்தில் குழைத்து, கொதித்த எண்ணெயில் நெல்லிக்காய் அளவில் விட வேண்டும். அரிசி மா மட்டும் என்றால் மறுநாள் கல்லாகிவிடும். முழுவதும் கோதுமை மா என்றால் ரப்பராக இழுக்கும். மிஞ்சிய களியைப் பாயில் ஊற்றி, காய்ந்த ஒன்றின் மேல் மற்றொன்றாகத் தடவிப் பனாட்டாக்க இன்னமும் வெயில் இருக்கும்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது பெரிதன்று. சமையல் பக்கத்தின் கோடை இதழ்களில் மாதம் ஒன்றையாவது வன்னிக்கு ஒதுக்கி, அந்த மாதத்தில் வளவில் மலிந்து கிடக்கும் ஒரு பொருளை மட்டும் எடுத்து, வாசகர்களிடமிருந்தே குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். அளவுகளைச் சுண்டிலும் பேணியிலும் போடுங்கள், அருகில் கிராமும் இருக்கட்டும், அவுன்சு வேண்டாம். அவணில் செய்யும் முறையோடு விறகடுப்பில் செய்யும் முறையையும் சேர்த்துக் கேளுங்கள். வரும் குறிப்புகளை அச்சிடுமுன் ஒருமுறையாவது யாராவது செய்து பார்க்க வேண்டும். அதற்கு இப்பகுதிப் பாடசாலைகளில் மனைப்பொருளியல் படிக்கும் மாணவிகளைக் கேட்கலாம். செயல்முறைப் பாடத்துக்குப் பொருள் தேடி அலையும் ஆசிரியைகளுக்கும் அது உதவும்.

முதற் பொருளாகப் பனம்பழத்தை எடுப்பீர்களானால், ஆடி பிறந்து இரண்டாம் கிழமைக்குள் அறிவித்தல் வர வேண்டும். அதற்குப் பிந்தினால் குறிப்புகள் வந்து சேரும்போது பழம் முடிந்துவிடும். பணியாரத்துக்கும் பனாட்டுக்குமான அளவுகளை விபரமாக எழுதி அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை,
முள்ளியவளை.